ஓமக்குளத்துப் பள்ளிக்கூடம்

(சுவாமி சகஜானந்தர் நினைவு நாளான மே 1 மாலை, பாளையம்பட்டியில் இரவுப் படிப்பகத்துப் பிள்ளைகளும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நேத்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் நோட்டீஸ் குடுத்துக்கிட்டு நின்னோம். டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்த நம்ம பையன் ஒருத்தன் நோட்டீசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அண்ணே, மே ஒண்ணாந் தேதி தொழிலாளர் தினமாச்சே. இதுல எதுக்குக் காவி கட்டுன சாமியார் படம் போட்டிருக்கீக?” என்றான். பக்கத்தில் இருந்தவன், “அவரு வடக்கத்தி ஆளுப்பா. நம்ம ஆளு இல்ல” என்றான். கொஞ்சம் வயசானவர் ஒருத்தர், “காங்கிரசுக்காரர்தானே, அவருக்கு எதுக்கு நாம கூட்டம் போடணும்?” என்று முடித்துவிட்டார். மூன்றும் நியாயமான கேள்விகள். அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம்; பஸ் வந்துவிட்டது. அதனால் இங்கே சொல்கிறேன். அந்தப் பையன் வந்திருக்கிறான், அதோ பின்னாடி நிற்கிறான். உக்காரு தம்பி.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். செப்டம்பர் 11 வந்தால் இந்தக் கரிசல்காட்டு ஊர்களிலிருந்து வேன் பிடித்துப் பரமக்குடிக்குப் போகிறோம். 1957-ல் அந்த நாளில்தான் தியாகி இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. 2011-ல் அதே நாளில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து, நினைவு நாளிலேயே பிணம் விழுந்தது. அந்த நாளை மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனால் அவர் கொல்லப்பட்டு இரண்டு வருசம் முடியுமுன்னே, 1959 மே 1-ல் சிதம்பரத்தில் ஒரு மனுசன் செத்துப் போனார். அறுபத்தொன்பது வயசு. அதில் நாற்பது வருசத்துக்கு மேல் நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினவர். அவர் பேரே எனக்கு முப்பது வயசு வரைக்கும் தெரியாது. இயக்கத்தில் இருந்தும் தெரியாது. வெட்டுப்பட்டுச் செத்தவரை நினைக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. நெடுங்காலம் வாழ்ந்து, அ, ஆ சொல்லிக்கொடுத்து, அரிசிக்கும் பருப்புக்கும் அலைந்து, ஒரு நாள் ஓய்ந்து போனவரை எப்படி நினைப்பது என்று இன்னும் பழகவில்லை. சுவரொட்டியில் போட அவரிடம் ரத்தம் இல்லை. அதுதான் காரணமென்று நினைக்கிறேன்.

அவர் பிறந்தது 1890 ஜனவரி 27. ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கம். அப்பா அண்ணாமலை, அம்மா அலமேலு. வைத்த பேர் முனுசாமி. பறையர் குடும்பம். திண்டிவனத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார். நல்லாப் படிக்கிற பையன், கிறிஸ்தவத்துக்கு வந்துவிடு என்றார்கள். மாட்டேன் என்றார். படிப்பு அதோடு நின்றது. படிக்க வைத்த செலவைத் திருப்பிக் கேட்டார்கள் என்று அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் மிஷன்காரர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் திட்டமாட்டேன். ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் ஏறவிடாத காலத்தில் நம்ம பிள்ளை கையில் சிலேட்டைக் கொடுத்தது அவர்கள்தான். 1894-ல் சென்னையில் ஆல்காட் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளி திறந்தார், அவரும் வெள்ளைக்காரர்தான். தன் மதத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டவன் எவனும் திறக்கவில்லை. ஆனாலும் படிக்க வந்த ஒரு பையனிடம் சோத்துக்கும் எழுத்துக்கும் பதிலாக இன்னொன்றைக் கேட்டார்கள் அல்லவா, அது அவர் மனசில் கடைசி வரைக்கும் கிடந்திருக்கும். பிற்பாடு அவர் நடத்திய பள்ளிக்கூடத்தைப் பார்க்கும்போது எனக்கு இது தோன்றுகிறது.

பிழைப்புத் தேடிக் குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் போனது. வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து சனம் சனமாய்ப் போன இடம் அது. பூமிக்கடியில் போய்த் தங்கம் வெட்டினவன் நம்ம ஆள். வெட்டின தங்கம் போனது கப்பலில். ஆனால் அங்கே ஒரு விசேசம் உண்டு. கிராமத்து ஆண்டையின் கண் அங்கே எட்டாது. சம்பளம் ரொக்கமாகக் கைக்கு வரும். அதனால் அங்கே பேச்சு வந்தது, படிப்பு வந்தது, சங்கம் வந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பவுத்தச் சங்கத்துக்குத் தங்கவயலில் பலமான கிளை இருந்தது. 1907-ல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகைக்கு அங்கே வாசகர்கள் இருந்தார்கள். முனுசாமி அந்தப் பக்கம் போகவில்லை. வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகள் என்ற துறவியிடம் போய்ச் சேர்ந்தார். கரபாத்திரம் என்றால் கையே பாத்திரம். ஏந்துகிற கையில் விழுகிறதுதான் சாப்பாடு. அந்தக் குரு கொடுத்த பேர்தான் சகஜானந்தர். 1910-ல், இருபது வயசில், அவர் அனுப்பி இவர் சிதம்பரம் வந்தார்.

பவுத்தம் பக்கம் போயிருக்கலாமே, ஏன் சைவத்துக்குப் போனார்? எனக்கும் இந்த ஆதங்கம் உண்டு. அவருடைய சைவத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. ஆனால் போன இடம் எது, அங்கே போய் என்ன செய்தார் என்று பார்க்கணும்.

சிதம்பரம் என்றால் நந்தன் கதை. ஆதனூரில் பிறந்த புலையர், தில்லைக்குப் போகணும், நாளைக்குப் போகணும், நாளைக்குப் போகணும் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் திருநாளைப்போவார் என்று பேர். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதினார். கோயிலுக்குள் போக அவர் என்ன செய்யவேண்டியிருந்தது? தீயில் இறங்கணும். இறங்கி எழுந்தபோது பூணூலோடு முனிவராக வந்தாராம். பிற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனையாக்கினார். அதில் ஒரு வேதியர் பண்ணையார் வந்து சேர்ந்தார்: நாப்பது வேலி நிலத்தில் வேலையை முடித்துவிட்டுப் போ என்பார், ஒரே ராத்திரியில் பயிர் விளைந்து நிற்கும். கதாகாலட்சேபமாக, நாடகமாக, சினிமாவாக ஊர் ஊராய்ப் போன கதை. நம்ம ஆளும் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு அழுதான். அதுதான் வேடிக்கை. அயோத்திதாசர் மட்டும் இந்தக் கதையை ஏற்கவில்லை; நந்தனைப் பவுத்த அரசன் என்று எழுதினார். இன்றைக்கு நாம் கேட்கிற கேள்வி எளிமையானது. தீயில் இறங்கினவன் திரும்பி வந்தானா, இல்லை கொளுத்திவிட்டு முத்தி அடைந்தான் என்று எழுதிவைத்தார்களா?

சிதம்பரத்தில் ஓமக்குளம் என்று ஒரு இடம் உண்டு. நந்தன் தீக்குளித்த இடம் அதுதான் என்பது அந்த ஊர் வழக்கு. சகஜானந்தர் போய் உக்காந்த இடம் அது. 1916-ல் அங்கேதான் இருபத்தைந்து பிள்ளைகளை வைத்து நந்தனார் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்.

தம்பி, இதைக் கொஞ்சம் யோசி. நம்மவன் எரிந்தான் என்று சொல்கிற இடத்தில் நம்ம பிள்ளைகள் உக்காந்து வாய்ப்பாடு சொல்கிறது. கோயில் கோபுரம் தெரிகிற தூரம். நந்தன் நாளைக்கு நாளைக்கு என்று சொன்னான் என்று காலங்காலமாகப் பாடிக்கொண்டிருந்த ஊரில், இந்த மனுசன் இன்றைக்கே வா என்று சொல்லி வருகைப்பதிவில் பேர் எழுதினார். அவர் இதையெல்லாம் நினைத்துத்தான் இடம் பார்த்தாரா என்று நான் வாதாடப் போவதில்லை. நந்தன் மேல் அவருக்கு இருந்தது பக்தி. ஆனால் பக்தியில் எழும்பின பள்ளிக்கூடமும் பள்ளிக்கூடம்தான். அங்கே படித்தவனுக்குக் கிடைத்தது எழுத்து.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் என்றால் கட்டடம், ஸ்மார்ட் போர்டு என்கிறோம். அந்தக் காலத்தில், ஏன் இந்தக் காலத்திலும், நம்ம வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றால் முதலில் சோறு. ரெண்டாவது படுக்க இடம். மூன்றாவது விளக்கு. நாலாவதாகத்தான் புஸ்தகம். நடவுக்கும் அறுப்புக்கும் அப்பன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஆண்டை கூப்பிடுகிறான். போன பிள்ளை திரும்பி வராது. அதனால் பிள்ளையை ஊரிலிருந்து எடுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் பாடம் சொல்ல முடியாது. சகஜானந்தர் விடுதி நடத்தியதற்குக் காரணம் அதுதான். விடுதி நடத்தினவனைக் கேட்டால் தெரியும், மாசக் கடைசியில் மளிகைக்கடைக்காரன் முகத்தில் முழிக்கிறது எவ்வளவு கஷ்டமென்று. சென்னை மாநகராட்சி 1920-ல்தான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தது. காமராஜர் திட்டம் வந்தது 1956-ல். நடுவிலே இருக்கிற வருசங்களில் ஒரு துறவி, கல்யாணம் பண்ணாத ஆள், அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரு அக்கா. என்னைவிட நல்லாப் படிக்கும். அஞ்சாவதோடு நின்றுவிட்டது. அப்போதெல்லாம் விடியக்காலை நாலு மணிக்குத் தீப்பெட்டிக் கம்பெனி பஸ் வந்து ஊர் முக்கில் நிற்கும், ஆரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எங்க ஆத்தா ஏற்றிவிடும். ராத்திரி எட்டு மணிக்கு வரும்போது அக்கா விரலெல்லாம் மருந்து ஒட்டியிருக்கும். சோத்தைப் பிசைந்தால் மருந்து வாசம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது, அதற்கப்புறமும் பஸ் வந்தது. அக்கா சம்பாத்தியத்தில்தான் நான் பாண்டு வாங்கித் தைத்துப் போட்டு விடுதிக்குப் போனேன். இதைச் சொல்லாமல் நான் படித்த கதையைச் சொன்னால் அது பொய்க் கதை. எங்கள் ஊர்ப் பக்கம் ஓமக்குளம் மாதிரி ஒரு இடம் பெண்பிள்ளைகளுக்கு இருந்திருந்தால் அக்கா இந்நேரம் டீச்சர். சிதம்பரத்தில் நந்தனார் பேரில் பெண்களுக்கும் பள்ளி உண்டு. ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி ரெண்டுமே இன்றைக்கு அரசு மேல்நிலைப் பள்ளிகளாக நடக்கின்றன. அங்கே படித்துவிட்டு வாத்தியாராக, கிளார்க்காக, வக்கீலாகப் போனவர்கள் தென்னார்க்காட்டில் எத்தனை பேர் என்று அந்தப் பக்கத்துத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு தாலுக்கா முழுக்கச் சொல்வார்கள்.

நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார் எங்கள் சிலேட்டைக் கையால் வாங்கமாட்டார். குச்சியால் தள்ளித் திருத்துவார். எந்த ஊர், யார் என்று சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை, அவரும் செத்துப்போனார். ஆனால் ஒரு வாத்தியார் சிலேட்டைத் தொடமாட்டார் என்றால், தொட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் எவ்வளவு பெரிய ஆள் என்பது அந்தக் குச்சியைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

சரி, காங்கிரஸ் கேள்வி. ஆமாம், காங்கிரசில் இருந்தார். 1927-ல் காந்தி சிதம்பரம் வந்தார், நந்தன் பேரைச் சொல்லிப் பேசினார். ஹரிஜன் என்ற சொல்லை நாம் தூக்கி எறிந்தாயிற்று. அந்த அரசியலின் குறையை எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்! அதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப வாங்கவில்லை. ஆனால் 1926 முதல் பல்லாண்டு சட்டசபையில் உக்காந்து இந்த மனுசன் என்ன பேசினார் என்று பார்க்கவேண்டாமா? தோழர் ரவிக்குமார் அந்த உரைகளைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார். வாங்கிப் படியுங்கள். வானத்தைப் பற்றி அல்ல, வீட்டுமனை, கிணறு, பாதை, பள்ளிக்கூடம், விடுதி, உதவித்தொகை பற்றித்தான் பேச்சு. 1924-ல் ரெட்டமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். தீர்மானம் சென்னையில் நிறைவேறியது. கிணறு கிராமத்தில் இருந்தது. அந்த ரெண்டுக்கும் நடுவில் நின்று மனுக் கொடுத்து, மறுபடி மனுக் கொடுத்து, அதிகாரி வாசலில் காத்துக் கிடக்கிற வேலைக்கு யாரும் சிலை வைப்பதில்லை. செத்தபோதும் அவர் சிதம்பரத்தின் சட்டமன்ற உறுப்பினர்தான்.

1947-ல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. நாளைப்போவார் போகவேண்டிய கோயிலுக்குள் நம்ம சனம் நடந்தே போனது, தீயில் இறங்காமல். எனக்குக் கோயிலில் வேலை இல்லை. ஆனாலும் அந்த நாளை நினைத்தால் மயிர் சிலிர்க்கிறது. அதோடு எல்லாம் முடிந்ததா? நந்தன் நுழைந்த வாசல் என்று சொல்லப்படுகிற தெற்கு வாசலை அடைத்துச் சுவர் நிற்கிறது, அதை இடி என்று 2010-ல்கூடப் போராட்டம் நடந்தது.

இப்போது அந்த ரெண்டாவது கேள்வி. “நம்ம ஆளு இல்ல.” இதுதான் எனக்கு வலிக்கிறது. பறையர் என்றால் வடக்கு, பள்ளர் என்றால் தெற்கு, அருந்ததியர் என்றால் மேற்கு என்று நமக்குள்ளேயே நிலப்படம் போட்டு வைத்திருக்கிறோம். இந்த ஊரிலேயே மூன்று தெரு இருக்கிறது. மூன்று தெருவுக்கும் தனித்தனித் தலைவர் படம், தனித்தனிக் கொடி. படிப்பகத்தில் மட்டும்தான் மூன்று தெருப் பிள்ளையும் ஒரே பாயில் உக்காருது. அதையும் ரெண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். நான் பேர் சொல்லமாட்டேன், ரெண்டு வீட்டுக்காரரும் இங்கேதான் இருக்கிறார்கள். (சிரிப்பு.) சிரிக்காதீங்கப்பா. ஆதிக்கச் சாதிக்காரன் நம்மைத் தள்ளி வைத்ததற்குக் கேள்வி கேட்கிற வாயால் நாம் நம்மைத் தள்ளி வைக்க முடியாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். நல்லாப் படிக்கிற பையன். கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்கப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டுகிற கலர்க் கயிறு முதல் பள்ளிக்கூடங்களின் பேரில் இருக்கிற சாதி வரைக்கும் அதில் பேசப்பட்டது. 1916-ல் இருபத்தைந்து பிள்ளைகளுக்குத் தனியாக இடம் பார்க்கவேண்டியிருந்தது, பொதுப் பள்ளியில் விடமாட்டான் என்பதால். நூறு வருசம் கழித்துப் பொதுப் பள்ளியில் விட்டான், வீடு தேடி வந்து வெட்டினான். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்பதா வேண்டாமா என்று 2023 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்ததிலிருந்து நம்ம அமைப்புகளுக்குள்ளேயே சண்டை. சேர்த்தால் ஒதுக்கம் போகும் என்கிறான் ஒருத்தன். சேர்த்தால் கவனிக்க ஆளில்லாமல் போகும் என்கிறான் இன்னொருத்தன். ரெண்டு பேர் பயத்திலும் உண்மை இருக்கிறது. 2025 ஜூலையில் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பேர் வைத்தார்கள், நல்ல பேர். பேர்ப்பலகையைத் தாண்டி உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்க்கிற வேலை நம்முடையது. நான் இருந்த விடுதியில் நாற்பது பேருக்கு ஒரு பல்பு. அது எரிகிற ராத்திரிகளை எண்ணிவிடலாம்.

மே ஒன்றாந் தேதிக்கு ஏன் காவி கட்டினவர் படம் என்று கேட்டியே தம்பி, இப்போது சொல்கிறேன். கூலிக்கு உழைத்தவன் பிள்ளை மறுபடியும் அதே கூலிக்குப் போகாமல் தடுத்த ஆள் அவர். அந்த வேலையை நாற்பது வருசம் லீவு போடாமல் பார்த்தார். தொழிலாளர் தினத்தில் அவர் படம் இருப்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. காவி உனக்குப் பிடிக்கவில்லையென்றால் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்.

நேரமாயிடுச்சு, கொசு கடிக்குது. கடைசியாக ஒன்றே ஒன்று. படிப்பகத்துப் பிள்ளைகள் போன வாரம் மூன்று தெருவிலும் வீடு வீடாகப் போய்க் கணக்கு எடுத்தார்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பதினோரு பேர். ஏழு பேர் பொம்பளைப் பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளை ஒன்பதாவது அரைப்பரீட்சையோடு நின்று மில்லுக்குப் போகுது. அதுக்கு ஒரு தம்பி இருக்கான், அவன் இங்கே படிப்பகத்துக்கு வர்றான். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்தப் பதினோரு வீட்டுக்கும் போகணும். நாளைக்குக் காலையில் ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன்னே, அந்த ஒன்பதாவது பிள்ளை வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறோம். வருகிறவர்கள் படிப்பகத்து வாசலுக்கு வந்துவிடுங்கள். அந்த வீட்டுக்கு என் அக்காவும் வருது.